எபோலா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே அதை நிறுத்த முடியும்?

"தடுப்பூசி வந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. பிறகும் காங்கோவிலும் உகாண்டாவிலும் எபோலா ஏன் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது? வராமலே தடுக்க முடியாதா?" என்பது கேள்வி.

வராமலே தடுப்பது இன்றைய நிலையில் ஏறக்குறைய இயலாத காரியம். ஆனால் வந்ததை இருபது பேருக்குள் நிறுத்த முடியும்; பல முறை நிறுத்தியும் காட்டியிருக்கிறார்கள். ஒரு தொற்று இருபதில் முடிகிறதா, இருபதாயிரத்தைத் தாண்டுகிறதா என்பதை வைரஸ் தீர்மானிப்பதில்லை. முதல் நோயாளியை யாராவது எத்தனையாவது நாளில் சந்தேகப்பட்டார்கள், அதற்குள் அவர் எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார், இறந்தபின் அவரை யார் குளிப்பாட்டினார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. 1976 முதல் நடந்த எந்தத் தொற்றை எடுத்துப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது.

1976இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் நோய் வெடித்தது. ஒன்று இன்றைய தெற்கு சூடானின் என்சாரா. அங்கே ஒரு பருத்தி ஆலைத் தொழிலாளர்களிடம் தொடங்கி 284 பேருக்குப் பரவியது, 151 பேர் இறந்தார்கள். மற்றொன்று அன்று சயீர் எனப்பட்ட காங்கோவின் வடக்கே உள்ள யம்புக்கு கிராமம். அங்கே 318 பேரில் 280 பேர் இறந்தார்கள். இரண்டும் ஒரே நோய் என்று முதலில் நினைத்தார்கள். பின்னால்தான் அவை இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் என்று தெரிந்தது. சயீர் வகை, சூடான் வகை என்ற இந்தப் பிரிவு இன்றைக்கும் உயிர் போகும் விஷயம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

யம்புக்குவில் நோயைப் பரப்பியது காடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பரப்பியது ஊசி. அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாள் காலையிலும் ஐந்து ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் எடுத்து வைப்பார்கள். புறநோயாளிகள், கர்ப்பிணிகள் பிரிவு, வார்டு எல்லாவற்றுக்கும் அந்த ஐந்துதான். ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் அலசி அடுத்தவருக்குப் போடுவார்கள். முதலில் அடையாளம் காணப்பட்ட நோயாளி ஒரு பள்ளி ஆசிரியர். மலேரியா என்று நினைத்து அவருக்குக் குளோரோகுயின் ஊசி போட்டார்கள். அதன்பின் அங்கே ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகள் உட்படப் பலர் விழுந்தார்கள். ஊசி வழியாக நோய் தொற்றியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் 17 பேரில் 11 பேர் இறந்தார்கள்.

அந்தத் தொற்று நின்றதற்குக் காரணம் மருந்து இல்லை. வேலை பார்க்க ஆளில்லாமல் ஆஸ்பத்திரியை மூடினார்கள். கிராமத் தலைவர்கள் பெரியம்மைக் காலத்துப் பழக்கத்தை நினைவில் வைத்து, சாலைகளில் மரங்களைப் போட்டு அடைத்தார்கள். நோயாளிகளைத் தனியாக வைத்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தபோது தொற்று ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. அந்தக் கிராமத்தாருக்கு உரிய புகழ் இன்றுவரை போய்ச் சேரவில்லை.

இனி மூலக் கேள்விக்கு வருவோம்: வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

பழந்தின்னி வௌவால்கள்தான் இருப்பிடம் என்பது வலுவான ஊகம். 2005இல் வெளியான ஆய்வில் மூன்று வகை வௌவால்களிடம் சயீர் வகை வைரஸின் மரபுத் துணுக்கும் எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி) கிடைத்தன. ஆனால் எபோலாவின் நெருங்கிய உறவான மார்பர்க் வைரஸை வௌவாலிடமிருந்து உயிரோடு பிரித்தெடுத்தது போல, எபோலாவை இதுவரை எடுக்க முடியவில்லை. அதனால் "இந்த வௌவாலை ஒழித்தால் போதும்" என்று கிளம்புவது அறிவியலும் இல்லை, பயனும் இல்லை. கூட்டத்தைக் கலைத்தால் வௌவால்கள் வேறு இடம் போகும், அவ்வளவுதான். மக்களிடம் சொல்ல வேண்டியது எளிமையானது: காட்டில் செத்துக் கிடக்கும் குரங்கு, கொரில்லா, மான் எதையும் தொடாதீர்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள், அறுக்கும்போது கையில் காயம் இருந்தால் விலகியிருங்கள். காட்டு இறைச்சியே சாப்பிடாதீர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டவர்களிடம் போய்ச் சொன்னால், சொன்னவரின் மற்ற அறிவுரைகளையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அதுதான் நடந்தது. அந்தச் சமயத்தில் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போய்க்கொண்டிருந்தது; சுவரொட்டிகளோ குரங்கு இறைச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

காடு ஒரு வாசல் என்றால், இரண்டாவது வாசல் பிழைத்தவரின் உடல். இது அண்மையில்தான் தெளிவாகத் தெரிந்தது. இரத்தத்தில் வைரஸ் மறைந்த பிறகும் விந்தகம், கண், மூளை ஆகிய இடங்களில் அது தங்கியிருக்க முடியும். நோய் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் நுழையாத இடங்கள் அவை. 2021 பிப்ரவரியில் கினியின் என்சேரேகோரே பகுதியில் 23 பேருக்கு எபோலா வந்து 12 பேர் இறந்தார்கள். அந்த வைரஸின் மரபு வரிசையை எடுத்துப் பார்த்தபோது, அது 2014இல் சுற்றிய வைரஸோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. வௌவாலிடம் ஏழு ஆண்டுகள் இருந்திருந்தால் இதைவிட அதிகம் மாறியிருக்க வேண்டும். ஆகவே அது யாரோ ஒருவர் உடலில் உறங்கிக் கிடந்திருக்கிறது. அதே மாதம் காங்கோவின் வடக்குக் கிவுவில் 12 பேருக்கு வந்த தொற்றும் முந்தைய தொற்றின் தொடர்ச்சியே. 2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து குணமாகி டெல்லி வந்திறங்கிய ஒரு இந்தியருக்கு, இரத்தம் சுத்தமாக இருந்தும் விந்தில் வைரஸ் அடையாளம் தெரிந்ததால் தனிமையில் வைத்தார்கள்.

இதற்குரிய தடுப்பு மிகச் சாதாரணமானது, ஆனால் பொறுமை வேண்டும். பிழைத்த ஆண்களுக்கு நோய் தொடங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை விந்துப் பரிசோதனை. அடுத்தடுத்து இரண்டு முறை வைரஸ் இல்லை என்று வரும்வரை ஆணுறை. பரிசோதனைக்கு வழியில்லையென்றால் குறைந்தது 12 மாதம் ஆணுறை. இது தோற்கும் இடம் ஒன்றுதான்: பிழைத்தவரை ஊரார் ஆபத்தாகப் பார்க்கத் தொடங்கினால் அவர் பரிசோதனைக்கு வரமாட்டார். கண் வலி, மூட்டு வலி, காது மந்தம் என்று பிழைத்தவர்களுக்குப் பல ஆண்டுகள் தொல்லை இருக்கிறது. அந்தத் தொல்லைகளுக்கு இலவசச் சிகிச்சை கொடுக்கும் இடத்திலேயே பரிசோதனையையும் வைத்தால் வருவார்கள்.

இரண்டு வாசல்களையும் முழுதாக அடைக்க முடியாது. அதனால்தான் எல்லாப் பாரமும் அடுத்த கட்டத்தில் விழுகிறது: வந்ததை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம்?

2013 டிசம்பரில் தென்கிழக்குக் கினியின் மெலியாண்டு கிராமத்தில் ஒரு சிறு குழந்தை இறந்தது. எபோலா என்று உறுதியானது 2014 மார்ச்சில். அந்த மூன்று மாதத்துக்குள் நோய் மூன்று நாட்டு எல்லைகள் கூடும் இடத்தில் கால் ஊன்றிவிட்டது. முடிவில் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். அவருக்கு மலேரியா என்று விட்டுவிடாமல், வெளியே அனுப்பச் சொல்லி வந்த அழுத்தத்துக்கும் மசியாமல் அவரை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்தி வைத்தவர் டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ. அந்த நோயால் அவரே இறந்தார். ஆனால் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஒரு நகரத்தில் வந்திறங்கிய நோய், நைஜீரியா முழுவதிலும் 20 பேரோடு, 8 இறப்புகளோடு முடிந்தது. தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள்.

ஏன் தாமதமாகிறது என்றால், எபோலா தொடக்கத்தில் எபோலா போல இருப்பதில்லை. காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சோர்வு. நான்கைந்து நாள் கழித்து வாந்தி, பேதி. மலேரியாவும் டைபாய்டும் இப்படியேதான் இருக்கும். கண்ணிலும் ஈறிலும் இரத்தம் வடியும் என்று காத்திருந்தால் ஏமாந்து போவோம், வெளிப்படையான இரத்தக் கசிவு பாதிப் பேருக்குக்கூட வருவதில்லை. மலேரியா பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் எபோலா இல்லை என்றாகாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். அப்படியானால் சந்தேகத்தை எழுப்புவது எது? மலேரியா மருந்து கொடுத்தும் இறங்காத காய்ச்சல், ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இறப்பு, இறுதிச் சடங்குக்குப் போய் வந்தபின் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் காய்ச்சலில் விழுவது. செவிலியர் ஒருவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் அன்றைக்கே மாதிரி போக வேண்டும்.

பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்த இரத்தத்தில் வைரஸ் அளவு குறைவாக இருந்து, வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை 'இல்லை' என்று காட்டலாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. 72 மணி நேரம் கழிந்தபின் இன்னொரு மாதிரி எடுத்து அதுவும் இல்லை என்றால்தான் விடலாம். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற தானியங்கிப் பிசிஆர் கருவி வந்த பிறகு முடிவு இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்கிறது. மாதிரி தலைநகரத்துக்குப் பயணமாகும் நாட்கள்தான் இப்போது பெரிய இழப்பு. உகாண்டா இதைப் புரிந்துகொண்டது. 2000இல் குலு மாவட்டத்தில் 425 பேருக்கு வந்து 224 பேர் இறந்தார்கள்; லாகோர் மருத்துவமனையை முன்னின்று நடத்திய டாக்டர் மேத்யூ லுக்வியாவும் அதில் போனார். அதற்குப் பிறகு என்டெபியில் உள்ள வைரஸ் ஆய்வு நிலையத்தில் சொந்தமாகப் பரிசோதனை வசதியைக் கட்டினார்கள். 2011இல் லுவேரோ மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு எபோலா வந்தது. அவளோடு முடிந்தது.

கண்டுபிடித்தபின் முதல் வேலை ஆஸ்பத்திரியைக் காப்பாற்றுவது. 1995இல் காங்கோவின் கிக்விட் நகரத்தில், எபோலா என்று தெரியாமல் ஒரு நோயாளிக்கு வயிற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அறுவை அரங்கில் இருந்தவர்கள் முதலில் விழுந்தார்கள். அந்தத் தொற்றின் 315 நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சுகாதார ஊழியர். கையுறையும் முகக்கவசமும் மேலங்கியும் வந்து சேர்ந்ததும் ஊழியர்களுக்குப் பரவுவது சரசரவென்று இறங்கியது.

கவச உடையில் ஆபத்து போடும்போது இல்லை, கழற்றும்போது. அந்த வெப்பத்தில் முழு உடையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கவனம் சிதறும்; வியர்வை கண்ணில் இறங்கும்; கை தன்னையறியாமல் முகத்துக்குப் போகும். அதனால் நேரம் பார்த்து வெளியே வந்தே ஆக வேண்டும். கழற்றும்போது எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும்: ஏப்ரன், வெளிக் கையுறை, தலை மூடி, முழு உடை, கண்ணாடி, முகக்கவசம், பூட்ஸ், எல்லாம் முடிந்து உள் கையுறை. ஒவ்வொரு படிக்கும் நடுவே கை சுத்தம். தெரிந்த வேலைதானே என்று தனியாகக் கழற்றுவதுதான் பெரும் தவறு.

குளோரின் கணக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். தரை, படுக்கை, கழிவு, சடலம் ஆகியவற்றுக்கு 0.5 சதவீதக் கரைசல். கை கழுவ சோப்பும் தண்ணீரும் அல்லது ஆல்கஹால் திரவமே நல்லது. இரண்டும் இல்லாத இடத்தில்தான் 0.05 சதவீதம். 70 சதவீத வீரியமுள்ள குளோரின் தூள் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம். 35 சதவீதப் பிளீச்சிங் பவுடர் என்றால் 14 கிராம். 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். 0.5ஐ 0.05 ஆக்க மறுபடியும் ஒன்றுக்கு ஒன்பது. கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். வெயிலில் வைத்த டப்பாவின் தூள் வீரியம் இழந்திருக்கும், கணக்குச் சரியாக இருந்தும் கரைசல் செத்திருக்கும். இரத்தம், வாந்தியின் மேல் நேரடியாகக் கரைசலை ஊற்றி உடனே துடைத்தால் பயனில்லை. முதலில் துணி போட்டு மூடி, கரைசலை ஊற்றி, 15 நிமிடம் விட்டு, வழித்தெடுத்து, இடத்தைக் கழுவி, மறுபடியும் கரைசல் போட வேண்டும். தெளிப்பான் வைத்து அடிப்பது பார்க்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அழுக்கை அது எடுக்காது, தெறிக்க வைக்கும். மனிதர் மேல் அடித்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

இறுதிச் சடங்குக்கு வருகிறேன். இதில் செய்த தவறுகளைப் போல வேறெங்கும் செய்யவில்லை. இறந்த உடலில் வைரஸ் அளவு உச்சத்தில் இருக்கும். குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, தலையை மடியில் வைப்பது ஆகிய அன்பின் செயல்கள் வழியாகவே அது பரவுகிறது. சியரா லியோனில் 2014இல் நோய் வேரூன்றியது ஒரு மூலிகை வைத்தியரின் இறுதிச் சடங்கிலிருந்துதான். அதைத் தடுக்க லைபீரிய அரசு தலைநகர் மன்ரோவியாவில் எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவிட்டது. எரிக்கும் வழக்கமே இல்லாத மக்கள். உடல்களை ஒளித்துவைத்து இரவில் புதைத்தார்கள், நோயாளிகளையும் ஒளித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியைப் படையை வைத்து அடைத்தார்கள். கலவரத்தில் ஒரு சிறுவன் சுடப்பட்டு இறந்தான். பத்து நாளில் தடையை விலக்க வேண்டியதாயிற்று.

பிறகு வந்த முறைதான் இன்று நடப்பில் உள்ளது. அடக்கக் குழு முதலில் கவச உடை இல்லாமல் வீட்டுக்குப் போய் இரங்கல் சொல்ல வேண்டும். சடங்கில் எது விட முடியாதது என்று குடும்பத்தைக் கேட்க வேண்டும். பிறகுதான் அவர்கள் கண் முன்னே உடை அணிய வேண்டும். உடலைக் கசியாத பையில் வைத்தபின், முஸ்லிம் குடும்பமென்றால் நீருக்குப் பதில் மண்ணால் செய்யும் தயம்மும் என்ற தூய்மைச் சடங்கைச் செய்து, பையின் மேல் வெள்ளைத் துணியைச் சாற்றலாம். கிறிஸ்தவர்களென்றால் ஜெபத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். குழியைக் குடும்பத்தார் தோண்டலாம், முதல் மண் போடலாம், தூரத்தில் நின்று பாடலாம். கல்லறையில் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதிய கல்லறையைப் பார்த்த ஊர், அடுத்த இறப்பை மறைக்காது.

தொடர்பில் இருந்தவர்களைக் கண்காணிப்பது 21 நாள். தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற 2 முதல் 21 நாள் ஆகும் என்பதால் இந்தக் கணக்கு. அறிகுறி வருமுன் அவர் யாருக்கும் பரப்புவதில்லை என்பது நமக்குக் கிடைத்த பெரிய வரம். தினமும் நேரில் பார்த்துக் காய்ச்சல் கேட்டால் போதும், பூட்டி வைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் 21 நாள் வேலைக்குப் போகாமல் இருக்க அரிசியும் எண்ணெயும் பணமும் வீடு தேடி வர வேண்டும். பட்டியலில் பேர் எழுதிவிட்டுச் சோறு கொடுக்காவிட்டால் மூன்றாம் நாள் அவர் சந்தையில் இருப்பார். புதிதாக வரும் நோயாளிகள் ஏற்கெனவே நம் பட்டியலில் இருந்தவர்களா என்று பார்த்தாலே வேலையின் தரம் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லாத ஒருவர் நோயோடு வந்தால், நமக்குத் தெரியாத ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2018 முதல் 2020 வரை காங்கோவின் வடக்குக் கிவு, இதூரி பகுதிகளில் 3,470 பேர் நோயுற்று 2,287 பேர் இறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தடுப்பூசி கையில் இருந்தது. ஆனால் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களுக்கு நடுவே சங்கிலிகளைப் பின்தொடர முடியவில்லை.

எர்வெபோ தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது. 2015இல் கினியில் நடந்த சோதனையில் 5,837 பேருக்குப் போட்டார்கள். பத்து நாள் கழிந்தபின் அவர்களில் ஒருவருக்கும் எபோலா வரவில்லை. நோயாளியின் தொடர்பாளர்கள், அவர்களின் தொடர்பாளர்கள் என்று வளையம் வளையமாகப் போடுகிறார்கள். ஒரு தவணை, 1 மில்லி, தசையில். மைனஸ் 60 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். உருக்கினால் 2 முதல் 8 டிகிரியில் 14 நாள் தாங்கும், மறுபடியும் உறைய வைக்கக்கூடாது. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், அதை எபோலா என்று நினைத்துக் குழம்புவதும் உண்டு, எபோலாவை ஊசிக் காய்ச்சல் என்று விட்டுவிடுவதும் உண்டு. பின்னதே ஆபத்து. ஐயம் இருந்தால் பரிசோதனைதான்.

மருந்தில், இன்மசெப், எபாங்கா என்ற இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகள் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. காங்கோவில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் இவற்றைப் பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் அளவில் இறந்தார்கள். ஒப்பிட்ட மற்ற இரு மருந்துகளில் பாதிப் பேர். எபாங்கா, கிக்விட் தொற்றில் பிழைத்த ஒருவரின் இரத்த அணுக்களிலிருந்து வந்தது. அந்தப் பாதையை விடாமல் பிடித்து நடந்தவர் டாக்டர் ஜான் ஜாக் முயெம்பே. 1976இல் யம்புக்குவில் கையுறைகூட இல்லாமல் நோயாளிகளின் இரத்தம் எடுத்த அதே மருத்துவர். நரம்பு வழி ஒரே தவணை: இன்மசெப் கிலோவுக்கு 150 மில்லிகிராம், எபாங்கா கிலோவுக்கு 50. ஆனால் இவற்றைக் கொடுத்துவிட்டு நீரிழப்பையும் பொட்டாசியக் குறைவையும் கவனிக்காமல் விட்டால் நோயாளி பேதியிலேயே போய்விடுவார். எத்தனை லிட்டர் போனது, எத்தனை லிட்டர் ஏற்றினோம் என்று எழுதி வைக்கும் வார்டில்தான் மருந்துக்கும் மதிப்பு.

முதலில் சொன்ன பிரிவு இங்கேதான் வந்து நிற்கிறது. இந்த ஊசியும் இந்த இரண்டு மருந்துகளும் சயீர் வகைக்கு மட்டுமே. 2022 செப்டம்பரில் உகாண்டாவின் முபெண்டேயில் சூடான் வகை வந்தது. 142 பேருக்கு உறுதியானது, அவர்களில் 55 பேர் இறந்தார்கள். ஒப்புதல் பெற்ற தடுப்பூசி ஒன்றும் கையில் இல்லை. சோதனைத் தடுப்பூசிகள் வந்து சேர்ந்தபோது தொற்று ஓய்ந்துகொண்டிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு சோதனைத் திட்டத்தையும் மருந்தையும் முன்கூட்டியே தயாராக வைத்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று கம்பாலாவில் ஒரு செவிலியரின் இறப்பு சூடான் வகை என்று அறிவிக்கப்பட்டது. நான்கே நாளில் தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. ஏப்ரல் 26 அன்று 14 நோயாளிகளோடு முடிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று காங்கோவின் கசாய் மாகாணத்தில், புலாப்பே பகுதியில் சயீர் வகை அறிவிக்கப்பட்டது. மரபு வரிசைப்படி அது காட்டிலிருந்து புதிதாக வந்தது. 64 பேருக்கு நோய், 45 பேர் இறந்தார்கள். 47,000க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டு, டிசம்பர் 1 அன்று முடிந்ததாக அறிவித்தார்கள்.

"முடிந்தது" என்ற அறிவிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடைசி நோயாளி இரண்டாவது முறை நெகட்டிவ் ஆன நாளிலிருந்தோ, இறந்திருந்தால் அடக்கம் செய்த நாளிலிருந்தோ 42 நாள், அதாவது இரண்டு 21. அதற்குப் பின்னும் 90 நாள் தீவிரக் கண்காணிப்பு: ஊரில் நேரும் ஒவ்வொரு இறப்பிலும் மாதிரி, காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு ஊழியருக்கும் பரிசோதனை, பிழைத்தவர்களின் மாதாந்திரப் பட்டியல். பெரும்பாலும் நிதி நிற்பது இந்த 90 நாளில்தான். நிற்கக்கூடாத இடமும் அதுவே.